லூஸ் கான்டாக்ட்டும் ஒரு ராக்கெட்டும்! - ஆட்டுப் பண்ணையிலிருந்து விண்வெளிக்குப் போன ‘எலக்ட்ரான்’ கதை

2017 மே 25, மாலை 4.20 மணி. நியூசிலாந்தின் கிழக்குக் கரையில் இருக்கும் மாஹியா தீபகற்பம். ஆடும் மாடும் மேயும் ஒரு பெரிய பண்ணையின் கோடியிலிருந்து, 17 மீட்டர் உயரமுள்ள ஒல்லியான கறுப்பு ராக்கெட் ஒன்று கிளம்பியது. பெயர், எலக்ட்ரான். நியூசிலாந்து மண்ணிலிருந்து பூமியின் சுற்றுவட்டப்பாதையைக் குறிவைத்துக் கிளம்பிய முதல் ராக்கெட் அது. கட்டியது அரசாங்கம் அல்ல. ‘ராக்கெட் லேப்’ என்ற தனியார் நிறுவனம்.

எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. முதல் அடுக்கு எரிந்து முடித்துக் கழன்றது. இரண்டாம் அடுக்கு பற்றிக்கொண்டது. மேலே இருந்த மூக்குக் கூடு பிரிந்து விழுந்தது. 224 கி.மீ. உயரம். நான்கு நிமிடம் ஆகியிருந்தது. அப்போதுதான் பாதுகாப்பு அதிகாரியின் திரைக்கு ராக்கெட்டிலிருந்து வர வேண்டிய தகவல்கள் நின்றுபோயின. ராக்கெட் எங்கே போகிறது என்று தெரியவில்லை என்றால் அவருக்கு விதி ஒன்றுதான். பயணத்தை முடித்துவைக்கும் கட்டளையை அனுப்பினார்.

பிறகு விசாரித்துப் பார்த்தால், ராக்கெட்டில் ஒரு குறையும் இல்லை! தகவல்களைப் பெறத் தரையில் வைத்திருந்த ஒரு கருவியில்தான் கோளாறு. அதைக் கவனித்துக்கொண்ட வெளி ஒப்பந்தக்காரர்கள், தகவலில் வரும் பிழைகளைத் தானாகத் திருத்தும் வசதியை ‘ஆன்’ செய்ய மறந்திருந்தார்கள். பக்கத்திலேயே இருந்த ராக்கெட் லேப்பின் சொந்தக் கருவிகளில் எல்லாத் தகவலும் சுத்தமாக வந்துகொண்டிருந்தது. நன்றாகப் பறந்துகொண்டிருந்த ராக்கெட்டைக் கொன்றது தரையில் இருந்த ஒரு செட்டிங்!

ராக்கெட் என்றால் நெருப்பும் புகையும்தான் நமக்கு நினைவுக்கு வரும். ஆனால் எலக்ட்ரானின் கதையைப் படிக்கப் படிக்க, அதை அடிக்கடி கவிழ்த்தது நெருப்பு அல்ல என்பது புரிகிறது. நம் வீட்டு ஸ்விட்ச் போர்டில் நடக்கிற மாதிரியான சமாசாரங்கள்தான். அதற்குக் காரணமும் இருக்கிறது. எலக்ட்ரான், பேட்டரியை நம்பிக் கிளம்பிய ராக்கெட்.

கல்லூரிப் பக்கம் போகாத ராக்கெட்காரர்

ராக்கெட் லேப்பைத் தொடங்கிய பீட்டர் பெக், நியூசிலாந்தின் தெற்குக் கோடியில் இருக்கும் இன்வர்கார்கில் ஊர்க்காரர். அப்பா அந்த ஊர் அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்தவர். பெக் பள்ளிப் படிப்போடு சரி, பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. ஃபிஷர் அண்ட் பேக்கல் என்ற வீட்டு உபயோகப் பொருள் நிறுவனத்தில் கருவி தயாரிக்கும் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். நம் ஊரில் ‘அப்ரன்டிஸ்’ என்போமே, அதேதான். பகலில் வேலை. இரவில் அதே பட்டறையில் சொந்தமாக ராக்கெட் என்ஜின் செய்து, சைக்கிளில் மாட்டி ஓட்டிப் பார்ப்பது. இதற்கு அனுமதித்த அந்த நிறுவனத்தின் மனசை என்னவென்று சொல்ல!

பிறகு ஓர் அரசு ஆய்வு நிறுவனத்தில் சில வருடங்கள். 2006-ல் அமெரிக்கா போய், அங்கே ராக்கெட் உலகம் எப்படி இருக்கிறது என்று சுற்றிப் பார்த்தார். அவர் மனதில் இருந்த மாதிரி சின்ன ராக்கெட்டை, அடிக்கடி ஏவக்கூடிய ராக்கெட்டை, அங்கே யாரும் செய்துகொண்டிருக்கவில்லை. ஊர் திரும்பி, அதே வருடம் சொந்தமாகக் கம்பெனி ஆரம்பித்துவிட்டார். முதலில் பணம் போட்டவரின் பெயர் மார்க் ராக்கெட். நிஜப் பெயர்தான்! இன்டர்நெட் தொழிலில் சம்பாதித்த அவர், விண்வெளி ஆசையில் தன் குடும்பப் பெயரையே சட்டப்படி ‘ராக்கெட்’ என்று மாற்றிக்கொண்டவர். பீட்டர் பெக்குக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க முடியாது.

2009 நவம்பர் 30-ல் ஒரு தனியார் தீவிலிருந்து ‘ஆட்டியா-1’ என்ற சின்ன ராக்கெட்டை ஏவினார்கள். அது மேலே போய்க் கீழே விழுகிற ரகம். பூமியைச் சுற்றாது. சுற்ற வேண்டுமென்றால் உயரம் போனால் மட்டும் போதாது; வினாடிக்கு ஏறக்குறைய 8 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டில் ஓட வேண்டும். அதற்கு வேறு மாதிரி ராக்கெட் தேவை. வேறு மாதிரி பணமும் தேவை. 2013-ல் இந்தியாவில் பிறந்த அமெரிக்கத் தொழிலதிபர் வினோத் கோஸ்லாவின் முதலீட்டு நிறுவனம் பணம் போட, ராக்கெட் லேப் தன் தலைமையகத்தை அமெரிக்காவுக்கு மாற்றிக்கொண்டது. மறு வருடம் எலக்ட்ரான் அறிவிப்பு வந்தது.

பஸ்ஸா... ஆட்டோவா?

ஏன் சின்ன ராக்கெட்? அப்போது செயற்கைக்கோள்கள் சுருங்கிக்கொண்டிருந்தன. செல்போனுக்காக வந்த சின்னச் சின்ன கேமராவும் சிப்பும் செயற்கைக்கோளுக்குள்ளும் புகுந்தன. ஷூ டப்பா அளவு செயற்கைக்கோள்கூட பூமியைப் படம் பிடித்தது. ஆனால் அதை மேலே அனுப்ப, பெரிய ராக்கெட் ஒன்றில் ஓரமாக இடம் பிடிக்க வேண்டும். பெரிய செயற்கைக்கோள் எப்போது தயாராகிறதோ அப்போதுதான் பயணம். அது இறங்கும் இடத்தில்தான் நீங்களும் இறங்க வேண்டும். டவுன் பஸ் மாதிரி.

எலக்ட்ரான், ஆட்டோ. 300 கிலோ வரை ஏற்றிக்கொள்ளும். கேட்ட நேரத்தில் வரும். கேட்ட பாதையில் இறக்கிவிடும். ஆரம்பத்தில் சொன்ன கட்டணம் 49 லட்சம் டாலர், பிறகு ஏறிவிட்டது. கிலோவுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் பஸ்தான் மலிவு. இருந்தும் நள்ளிரவில் ரயில்வே ஸ்டேஷனில் இறங்கும்போது நாம் பஸ் கட்டணத்தையா நினைக்கிறோம்?

ஆனால் ராக்கெட்டைச் சின்னதாக்குவது சுலபம் இல்லை. பெரிய ராக்கெட்டின் வரைபடத்தைப் பாதியாகக் குறைத்து வரைந்தால் சின்ன ராக்கெட் வந்துவிடாது. முதலில் இடிப்பது பம்ப்.

50 மிக்ஸிகளின் சக்தி

ராக்கெட் என்ஜினுக்குள் மண்ணெண்ணெய் ரக எரிபொருளும் திரவ ஆக்ஸிஜனும் சேர்ந்து எரிகின்றன. எரியும் அறையில் ஏற்கெனவே அழுத்தம் பயங்கரமாக இருக்கும். அந்த அழுத்தத்தை எதிர்த்து மேலும் மேலும் உள்ளே தள்ள வேண்டும். இதற்குப் பெரும்பாலான ராக்கெட்டுகளில் டர்பைன் வைப்பார்கள். கொஞ்சம் எரிபொருளைத் தனியாக எரித்து, அந்தச் சூடான வாயுவால் ஒரு விசிறியைச் சுழற்றி, அதன் மூலம் பம்ப்பை ஓட்டுவது. ஒரு முனையில் கொதிக்கும் வாயு. சில அங்குலம் தள்ளி மைனஸ் 183 டிகிரியில் திரவ ஆக்ஸிஜன். நடுவில் அசுர வேகத்தில் சுழலும் ஓர் அச்சு. ராக்கெட் என்ஜினிலேயே அதிகம் படுத்துகிற பாகம் இதுதான். சின்னதாகச் செய்யப் போனால் இன்னும் கஷ்டம்.

பெக்கின் குழு டர்பைனையே தூக்கிவிட்டது. அதற்குப் பதிலாக மின்சார மோட்டார். மோட்டாருக்கு லித்தியம் பாலிமர் பேட்டரி. ஒவ்வொரு மோட்டாரும் 37 கிலோவாட். நம் சமையலறை மிக்ஸி 750 வாட் என்றால், ஏறக்குறைய 50 மிக்ஸிகளின் சக்தி! சுழற்சியோ நிமிடத்துக்கு 40,000. மிக்ஸி மோட்டாரைப் போல இரண்டு மடங்கு. பம்ப்பின் வேகத்தைக் கூட்ட, குறைக்க சாஃப்ட்வேர் போதும்.

இந்த யோசனை ஒன்றும் புதிது இல்லை. ஆனால் பேட்டரியின் எடையைப் பார்த்து எல்லோரும் ஒதுக்கி வைத்திருந்தார்கள். எரிபொருள் எரிந்தால் ராக்கெட்டின் எடை குறையும். பேட்டரி தீர்ந்தாலும் எடை அப்படியேதான் இருக்கும். செல்போனும் மின்சார காரும் சேர்ந்து பேட்டரிகளை முன்னேற்றிய பிறகுதான் கணக்கு கட்டுப்படியானது. அப்படியும் இரண்டாம் அடுக்கில் எடை உறுத்தியது. அதனால் பறந்துகொண்டிருக்கும்போதே தீர்ந்த பேட்டரிகளைக் கழற்றி வெளியே வீசிவிடுகிறது எலக்ட்ரான். நேரடி ஒளிபரப்பில் இதைப் பார்க்கலாம். எனக்குப் பிடித்த காட்சி இதுதான்: வெறும் பேட்டரி டப்பாக்கள், பின்னணியில் நீலப் பூமி.

என்ஜினுக்கு ரூதர்ஃபோர்ட் என்று பெயர் வைத்தார்கள். அணுவின் உட்கருவைக் கண்டுபிடித்த எர்னஸ்ட் ரூதர்ஃபோர்ட் நியூசிலாந்தில் பிறந்தவர். அந்த நாட்டின் 100 டாலர் நோட்டில் இருப்பவர். எரியும் அறை, பம்ப், வால்வு என்று முக்கிய பாகங்கள் எல்லாம் 3டி பிரின்டரில் உலோகத்தில் அச்சிட்டவை. ஓர் என்ஜினின் எடை 35 கிலோதான். முதல் அடுக்கில் ஒன்பது, இரண்டாம் அடுக்கில் ஒன்று. வாய்க்குழல் மட்டும்தான் வித்தியாசம். மற்றபடி ஒரே என்ஜின். ஒரு ராக்கெட்டுக்குப் பத்து என்ஜின் என்றால், ஒரே சாமானைத் திரும்பத் திரும்பச் செய்து கை பழகிவிடும் இல்லையா?

ராக்கெட்டின் உடம்பு கார்பன் ஃபைபர். அதனால்தான் கறுப்பு நிறம். அலுமினியத்தைவிட லேசு. ஆனால் கடுங்குளிர்ந்த திரவத்தை ஊற்றினால் நுண்ணிய விரிசல் விட்டுக் கசியும் ஆபத்து உண்டு. நாசாவின் எக்ஸ்-33 திட்டம், கார்பன் டேங்க் ஒன்று 1999-ல் சோதனையில் கெட்டுப்போன பிறகு எழுந்திருக்கவே இல்லை. எலக்ட்ரான் அந்த டேங்க்கைச் சாதித்தது. கார்பன் பாகங்களை வெட்டி, துளையிட்டு, தேய்த்துத் தயாராக்க முன்பு 400 மணி நேரம் ஆனது. ‘ரோஸி’ என்று பெயரிட்ட ஒரு ரோபோ இப்போது 12 மணி நேரத்தில் முடித்துவிடுகிறது.

இதே வழியில் நம் பக்கத்திலும் ஒரு குழு நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி-யில் வளர்ந்த ‘அக்னிகுல்’ நிறுவனம், ஒரே துண்டாக 3டி பிரின்ட் செய்த என்ஜினை 2024 மே 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறக்கவிட்டது. பூமியைச் சுற்றும் ராக்கெட்டுக்கு மின் மோட்டார் பம்ப்பைத்தான் அவர்களும் நம்புகிறார்கள்.

ஆட்டுப் பண்ணை எதற்கு?

மாஹியாவில் ஏவுதளம் இருக்கும் நிலம் மாவோரி பழங்குடி மக்களுக்குச் சொந்தமான பண்ணை. தெற்கிலும் கிழக்கிலும் கடல்தான். விமானமும் கப்பலும் அதிகம் குறுக்கே வராது. எந்தெந்தத் திசையிலோ ஏவலாம்; ராக்கெட் விழுந்தாலும் யார் தலையிலும் விழாது. தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரன்பட்டினத்தில் சின்ன ராக்கெட்டுகளுக்காக இஸ்ரோ ஏவுதளம் கட்டுவதும் இதே மாதிரிக் கணக்கில்தான்; அங்கிருந்து தெற்கே நேராகக் கடல்.

ராக்கெட்டே இல்லாத நாட்டில் ராக்கெட்டுக்குச் சட்டம் எப்படி இருக்கும்? ராக்கெட் லேப்புக்காகவே நியூசிலாந்து 2016-ல் விண்வெளி முகமை ஒன்றைத் தொடங்கியது. 2017-ல் தனிச் சட்டம் போட்டது. உள்ளூரில் எல்லோருக்கும் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. அமெரிக்க ராணுவத்துக்கும் உளவுத்துறைக்கும் எங்கள் கரையிலிருந்து செயற்கைக்கோள் போவதா என்று கேட்பவர்கள் மாஹியாவிலேயே இருக்கிறார்கள். அணு ஆயுதத்தைச் சட்டம் போட்டுத் தடுத்த நாடு அது. கேள்வியில் நியாயம் இருக்கிறது.

பேர் வைப்பதில் பெரிய ஆட்கள்

முதல் பயணத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘இது ஒரு டெஸ்ட்’. இரண்டாவதற்கு ‘இன்னும் டெஸ்ட்தான்’. 2018 ஜனவரி 21-ல் அந்த இரண்டாவது ராக்கெட் சுற்றுவட்டப்பாதையைத் தொட்டது. கூடவே, யாரிடமும் சொல்லாமல், 65 கண்ணாடிப் பலகைகள் பதித்த ஓர் உருண்டையையும் பெக் அனுப்பியிருந்தார். இரவு வானில் மின்னும். மக்கள் அண்ணாந்து பார்ப்பார்கள் என்பது அவர் ஆசை. வானியலாளர்களோ, எங்கள் வானத்தில் டிஸ்கோ விளக்கா என்று கொதித்துவிட்டார்கள். இரண்டு மாதத்தில் அது காற்றுமண்டலத்தில் விழுந்து எரிந்தது.

அந்த வருடம் நவம்பரில் முதல் வியாபாரப் பயணம். அதன் பெயர் ‘இனி பிசினஸ் நேரம்’. ஒரு மாதம் கழித்து நாசாவின் சின்ன செயற்கைக்கோள்கள் போயின. 2022 ஜூனில் நிலவுக்கே ஒரு கலத்தை அனுப்பியது எலக்ட்ரான். 25 கிலோ எடையுள்ள அதன் பெயர் கேப்ஸ்டோன். ஆட்டோவில் நிலாவுக்கு!

அந்த லூஸ் கான்டாக்ட்

இப்போது ஸ்விட்ச் போர்டு விஷயத்துக்கு வருவோம். 2020 ஜூலை 4. பதின்மூன்றாவது பயணம். (13 என்ற எண்ணைப் பற்றி யோசிப்பவர்கள் யோசித்துக்கொள்ளலாம்!) பயணத்தின் பெயர், ‘படம் காட்டு, அப்போதுதான் நம்புவேன்’ என்ற பொருளில் ஒரு கிண்டல். ஏறக்குறைய ஆறாவது நிமிடத்தில் இரண்டாம் அடுக்கின் என்ஜின் அணைந்தது. ஏழு செயற்கைக்கோள்கள் போயின. வெடிப்பு இல்லை, தீ இல்லை. ராக்கெட் சமர்த்தாகத் தகவல் அனுப்பிக்கொண்டே கீழே இறங்கியது.

அந்தத் தகவலை வைத்துத்தான் காரணத்தைப் பிடித்தார்கள். ஒரே ஒரு மின் இணைப்பு சரியாகப் பொருந்தவில்லை. மின்தடை கூடியது, சூடேறியது, இணைப்பைச் சுற்றி ஊற்றியிருந்த பிசின் உருகியது, இணைப்பு கழன்றது. வீட்டில் பிளக் பாயின்ட் சூடாகிப் பழுப்பேறி ஒருநாள் ‘பட்’டென்று நிற்குமே, அதே லூஸ் கான்டாக்ட். ஒரு நேரம் ஒட்டும், ஒரு நேரம் விடும் என்பதால் தரைச் சோதனைகளில் மாட்டவில்லை. பெக், செயற்கைக்கோள்களை இழந்த வாடிக்கையாளர்களிடம் அன்றே மன்னிப்பு கேட்டார். எட்டு வாரத்தில் அடுத்த ராக்கெட் பறந்தது.

2021 மே மாதம், இருபதாவது பயணம். இரண்டாம் அடுக்கைப் பற்றவைக்கும் அமைப்பில் கோளாறு. அது என்ஜின் கம்ப்யூட்டருக்குள் ஓடும் சிக்னல்களைக் குழப்ப, சில வினாடிகளில் என்ஜின் நின்றது. இரண்டு செயற்கைக்கோள்கள் காலி.

மூன்றாவதுதான் விசித்திரம். 2023 செப்டம்பர், 41-வது பயணம். மறுபடி இரண்டாம் அடுக்கு. பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் உயர் அழுத்த மின்சாரம், போக வேண்டிய வழியில் போகாமல் குறுக்கே பொறியாகப் பாய்ந்து பேட்டரிகளை ஷார்ட் ஆக்கிவிட்டது. 1889-ல் ஃப்ரீட்ரிக் பாஷென் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் கண்டு சொன்ன விதி இங்கே வேலை செய்தது. தரையில் இருக்கும் அடர்த்தியான காற்று, மின்சாரம் தாவாமல் தடுக்கும். முழு வெற்றிடத்திலும் தாவுவது கடினம். இரண்டுக்கும் நடுவே, காற்று மெலிந்து ஆனால் முற்றிலும் இல்லாமல் போகாத நிலையில், பொறி சுலபமாகத் தாவும். ராக்கெட்டோ அந்த நிலையைத் தாண்டித்தான் மேலே போயாக வேண்டும். நாற்பது முறை ஒன்றும் ஆகாமல் தாண்டியதுதான் ஆச்சரியம்! கடைசியில், பேட்டரி இருக்கும் சட்டகத்தை மூடி, உள்ளே கொஞ்சம் காற்றழுத்தம் வைத்தார்கள். டிசம்பரில் ஒரு ஜப்பான் நிறுவனத்தின் செயற்கைக்கோளோடு எலக்ட்ரான் திரும்பி வந்தது. 2024 ஜூனில் 50-வது ராக்கெட்டும் கிளம்பிவிட்டது.

இந்த மூன்றில் எதுவும் டர்பைனால் வந்தது அல்ல. அதுதான் எலக்ட்ரானில் இல்லையே. மற்றவர்களைப் படுத்தும் பாகத்தை பெக் தவிர்த்தார். ஆனால் மோட்டாரும் பேட்டரியும் வயரும் உள்ளே வந்த வழியிலேயே, பெரிய ராக்கெட்காரர்கள் அதிகம் கவலைப்படாத தொல்லைகளும் கூடவே வந்துவிட்டன. அதற்காக அவர் எடுத்த முடிவு தப்பு என்று சொல்லிவிட முடியாது. டர்பைனோடு மல்லுக்கட்டியிருந்தால் 50-வது ராக்கெட் இருக்கட்டும், முதல் ராக்கெட்டே பறந்திருக்குமோ என்னவோ.

தொப்பி தின்ற கதை

ராக்கெட்டைத் திரும்பப் பிடித்து மறுபடி பயன்படுத்துவீர்களா என்று கேட்டபோதெல்லாம், “மாட்டேன்” என்றவர் பெக். சின்ன ராக்கெட்டில் அதற்கு மிச்ச எடை கிடையாது. அப்படிச் செய்தால் என் தொப்பியைத் தின்கிறேன் என்றார். நம் ஊரில் பாதி மீசையை எடுத்துக்கொள்கிறேன் என்று சவால் விடுவார்களே, அந்த மாதிரி.

2019-ல் மனதை மாற்றிக்கொண்டார். 2020 நவம்பரில் முதல் அடுக்கு பாராசூட்டில் கடலில் வந்து இறங்கியது. 2022 மே மாதம் இன்னும் துணிச்சல்: பாராசூட்டில் இறங்கிக்கொண்டிருந்த ராக்கெட்டை ஒரு ஹெலிகாப்டர் நடுவானில் கொக்கி போட்டுப் பிடித்தது! ஆனால் தொங்கும் சுமை வழக்கம்போல் இல்லை என்று பைலட்டுக்குத் தோன்றியதால் விட்டுவிட்டார். அது கடலில் விழ, படகில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். பிறகு ஹெலிகாப்டர் யோசனையைக் கைவிட்டு, கடலில் விழுவதையே எடுத்துக்கொள்கிறோம் என்று முடிவு செய்தார்கள். 2023 ஆகஸ்டில், ஏற்கெனவே ஒருமுறை பறந்த ரூதர்ஃபோர்ட் என்ஜின் ஒன்று மறுபடி பறந்தது.

தொப்பி? சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். 2021 மார்ச்சில் வெளியிட்ட வீடியோவில், ராக்கெட் லேப் தொப்பி ஒன்றை மிக்ஸியில் போட்டு அடித்து, கொஞ்சம் வாயிலும் போட்டுக்கொண்டார். அதே வீடியோவில்தான் அடுத்த ராக்கெட்டையும் அறிவித்தார். பெயர் நியூட்ரான். எலக்ட்ரானைப் போல 40 மடங்குக்கும் மேல், 13 டன் வரை தூக்கும். அந்த அளவுக்கு பம்ப்பை ஓட்ட பேட்டரி தாங்காது. எனவே நியூட்ரானின் ‘ஆர்க்கிமிடீஸ்’ என்ஜினில் டர்பைன் வைத்திருக்கிறார்கள்.